கேம் திக்குகிறதா? முதலில் அது எப்போது திக்குகிறது என்று பாருங்கள்

போன மே மாதம் திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஓரத்துல 90 எஃப்பிஎஸ்னுதான் காட்டுது. ஆனா ஊருக்குள்ள வண்டியத் திருப்பினாலே திக்குது. கார்டு போச்சா?" எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின் எண்ணிக்கை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவன் டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டிருந்தான். விண்டோஸையே ஒருமுறை புதிதாக ஏற்றியிருந்தான். வீடியோ பார்த்து, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏதேதோ மாற்றியிருந்தான். எதுவும் பலிக்கவில்லை.

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? எப்போது வருகிறது, சாயங்காலம் மட்டுமா, விட்டு விட்டு வருகிறதா, குளிரோடு வருகிறதா என்றுதான் கேட்கிறார். கேம் திக்குவதற்கும் அதே கேள்விகள்தான். முதல் தடவை மட்டும் திக்குகிறதா, ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலா, 20 நிமிடம் ஆனபிறகா, கூட்டத்தில் மட்டுமா, சத்தமும் சேர்ந்து அறுபடுகிறதா? பதில் கிடைத்துவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். அதனால் செட்டிங்கில் கை வைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கவனித்து ஆடுங்கள். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எஃப்பிஎஸ் எண் போதாது, கோட்டைப் பாருங்கள்

60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 144 என்றால் 6.9. இது சராசரிக் கணக்கு. இப்போது ஒரு நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 59 ஃப்ரேம் ஒவ்வொன்றும் 14 மில்லிசெகண்டில் வந்துவிட்டன, மீதி ஒரே ஒரு ஃப்ரேம் 174 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது என்று வைப்போம். மொத்தம் சரியாக 1000. மூலையில் இருக்கும் எண் '60' என்று காட்டும். உங்கள் கண்ணோ அந்த 174 மில்லிசெகண்டில் படம் நின்றுபோனதைத் தெளிவாகப் பார்த்திருக்கும். கார்டுகளை இப்படி ஃப்ரேம் நேரத்தை வைத்து அளக்க வேண்டும் என்று டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் 2011-ல் எழுதினார். அதற்குப் பிறகுதான் விமர்சனம் எழுதுகிறவர்கள் சராசரியோடு '1% லோ' (மிக மெதுவாக வந்த 1% ஃப்ரேம்களின் வேகம்) என்ற எண்ணையும் சேர்த்துப் போடத் தொடங்கினார்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்தக் கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். அதோடு, திரையில் எண்களைக் காட்டும் ரிவாட்யூனரும் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகும். செட்டிங்ஸில் 'மானிட்டரிங்' பக்கம் போய் 'ஃப்ரேம்டைம்' என்பதைத் தேர்ந்து, திரையில் காட்டச் சொல்லி, எண்ணுக்குப் பதிலாக 'கிராஃப்' என்று மாற்றுங்கள். கூடவே ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜ், ஜிபியு மெமரி, ஜிபியு சூடு, ப்ராசஸர் சூடு, ரேம் இவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேமுக்குள் போனால் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். நன்றாக ஓடும் கேமில் அது தண்ணீர்மட்டம் பிடித்ததுபோல் நேராக இருக்கும். திக்கும்போது முள் மாதிரி மேலே குத்திக்கொண்டு எழும். எப்போதாவது ஒற்றை முள் எழுகிறதா, ரம்பப்பல் மாதிரி தொடர்ந்து எழுகிறதா, அல்லது கோடே மொத்தமாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு.

ஆன்லைன் கேமாக இருந்தால் இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். எதிரி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கிறான், நீங்கள் ஓடிய தூரம் பின்னால் இழுத்துவிடப்படுகிறது, ஆனால் மவுஸைச் சுழற்றினால் பார்வை மட்டும் வழவழவென்று திரும்புகிறது, கோடும் நேராகவே இருக்கிறது என்றால் அது நெட் பிரச்சினை. வைஃபையை விட்டு ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துப் பாருங்கள். அதற்காகக் கணினியில் எதையும் மாற்ற வேண்டாம்.

## முதல் தடவை மட்டும் திக்குகிறது

புது ஆயுதத்தால் முதன்முதலில் சுடும்போது ஒரு திக்கல். முதல் வெடிப்பு, முதல் மழை, புது எதிரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதே காட்சியை மறுபடி லோட் செய்து ஆடினால் ஒன்றுமே இல்லை. இது ஷேடர் கம்பைல் திக்கல்.

ஒளி எப்படிப் பட வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள்தான் ஷேடர். பிளேஸ்டேஷன் மாதிரி கருவியில் கார்டு எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் அந்தக் கார்டின் மொழியிலேயே மாற்றி, கேமோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் உங்கள் கார்டு வேறு, என் கார்டு வேறு, டிரைவரும் வேறு. ஆகவே மாற்றும் வேலை உங்கள் வீட்டிலேயே நடந்தாக வேண்டும். அதை முன்கூட்டியே செய்துவைக்காத கேம், தேவை வந்த நொடியில் ஆட்டத்தை நிறுத்திவைத்துச் செய்யும். கேமும் கார்டும் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் வழிதான் டைரக்ட்எக்ஸ். அதன் 12-ம் பதிப்பில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் கேம் எழுதுகிறவர்கள் கைக்கு வந்துவிட்டது. அவர்கள் கவனிக்காமல் விட்டால் அனுபவிப்பது நாம்தான். கேம் உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் அன்ரியல் என்ஜின் 4-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் இந்தத் தொல்லை நிறையவே உண்டு.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கேமை முதலில் திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடினால் அது முடியும்வரை காத்திருங்கள். 2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கேமில் இது வெகு நேரம் ஓடியது. பொறுமையில்லாமல் நடுவில் ஆடத் தொடங்கினால் திக்கல் நிச்சயம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் '3டி செட்டிங்ஸ்' பகுதியில் 'ஷேடர் கேஷ் சைஸ்' என்று இருக்கும். அதை 10 ஜிபி அல்லது அதற்கு மேல் வையுங்கள். வாரா வாரம் டிஸ்க் கிளீனப் ஓட்டுகிறவர்கள் 'டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்' என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். நீங்கள் இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து அழிப்பது, போன வாரம் நீங்கள் திக்கித் திக்கி ஆடிச் சேர்த்த சேமிப்பு.

டிரைவரைப் புதுப்பித்தாலும் பழைய சேமிப்பு செல்லாமல் போய், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதனால் புது டிரைவர் போட்ட அன்று திக்கினால் பதறி அதை அழிக்க வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். கேமில் டைரக்ட்எக்ஸ் 11 என்ற தேர்வு இருந்தால் அதிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இது நம் இயந்திரத்தின் குறை அல்ல என்பதற்கு நல்ல சாட்சி 'எல்டன் ரிங்'. 2022-ல் வந்தபோது விலை உயர்ந்த விண்டோஸ் கணினிகளிலும் அது திக்கியது. வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் டெக்குக்காக, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் அடுக்கில் திருத்தம் செய்தது. அதன்பிறகு அந்தக் கையடக்கக் கருவியில் திக்கல் பெருமளவு குறைந்துவிட்டது.

ஷேடர் பட்டை ஓடும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லிக் கேம் மூடிக்கொண்டால் அது வேறு கதை. இன்டெல் 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர் வைத்திருந்தால் உடனே பயாஸை (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். அந்த ப்ராசஸர்களில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டு 2024-ல் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. கார்டின் மேல் பழி போடும் அந்தச் செய்தி பல நேரம் ப்ராசஸரிலிருந்து வருவது.

## ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் திக்குகிறது

அதே வாசல், அதே பாலம், எத்தனை முறை கடந்தாலும் ஒரு முள். அந்த எல்லையில்தான் கேம் அடுத்த பகுதியை டிஸ்கிலிருந்து இழுத்து விரிக்கிறது. 2023-ல் வந்த 'ஜெடாய் சர்வைவர்' இதற்குப் பேர்போனது. கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், கண்டிப்பாகக் குறையும். எஸ்எஸ்டியில் இருந்தும் வருகிறதென்றால் எஃப்பிஎஸ்ஸைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டிவைத்து, கேம்காரர்களின் திருத்தத்துக்குக் காத்திருப்பதுதான் வழி. இதற்காகப் பணம் செலவழித்துக் கார்டு மாற்றாதீர்கள்.

## கூட்டத்தில், ஊருக்குள், வேகமாகத் திரும்பும்போது திக்குகிறது

அக்கா மகனுக்கு நடந்தது இதுதான். வெட்டவெளியில் கோடு நேராக இருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததும் ரம்பப்பல். அந்த நேரத்தில் ஜிபியு யூசேஜ் 95-லிருந்து 60-க்கு இறங்குகிறது. கார்டு சும்மா உட்கார்ந்து வேலைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். வேலை கொடுக்க வேண்டிய ப்ராசஸரோ ரேமோதான் தாமதம் செய்கிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைக் காட்டச் சொன்னேன். கீழே சின்ன எழுத்தில் இரண்டு விவரங்கள் இருந்தன. ஸ்பீடு 2133. ஸ்லாட்ஸ் யூஸ்டு, 1 ஆஃப் 4. நான்கு ஸ்லாட்டில் ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக். பெட்டியிலோ 3200 என்று அச்சிட்டிருந்தது. அசெம்பிள் செய்துகொடுத்த கடையில், "பின்னாடி இன்னொன்னு போட்டுக்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த 'பின்னாடி' வரைக்கும் என்ன குறையும் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ரேம் சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் நகர்த்தும். 2133 வேகத்தில் ஒற்றைச் சேனல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 ஜிபி. அதே ரேம் 3200-ல் இரண்டு சேனலில் ஓடினால் 51.2 ஜிபி. மூன்று மடங்கு. கார்டில் ஒரு திருகுகூட மாறவில்லை, ப்ராசஸர் அதேதான். பாதை மட்டும் மூன்றில் ஒன்றாகக் குறுகிக் கிடந்தது. வெட்டவெளியில் அது தெரியாது. நூறு வண்டியும் ஆளும் இருக்கும் தெருவில் நுழைந்தால்தான் தெரியும்.

இதில் இரண்டு வேலை. முதலாவதற்குக் காசு தேவையில்லை. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று பெயர் இருக்கலாம். இதை ஆன் செய்யாவிட்டால் பல ஸ்டிக்குகள் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடாது. எத்தனையோ பேர் வேகமான ரேமுக்கு விலை கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிபியு-இஸட் மென்பொருளில் பார்க்கிறவர்கள் 1600 என்று கண்டு பயப்பட வேண்டாம், அது பாதி எண்ணைத்தான் காட்டும். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆன் செய்தபின் நீலத்திரை வந்தாலோ கேம் தானாக மூடினாலோ ஒரு படி வேகத்தைக் குறைத்து, மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, இன்னொரு ஸ்டிக். முடிந்தவரை அதே மாடல், அதே வேகம், அதே அளவு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் பொதுவாக 2-வதும் 4-வதும்தான் ஜோடி. போர்டின் கையேட்டில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். 1-லும் 2-லும், அல்லது 3-லும் 4-லும் பக்கத்துப் பக்கத்தில் செருகினால் அளவு கூடும், பாதை அகலமாகாது. பவரை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கைப் பிடியுங்கள். செருகும்போது ஓரத்துக் கொக்கி 'டக்' என்று தானாக மூட வேண்டும். மூடவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை.

ரேம் எல்லாம் சரி, அப்புறமும் கூட்டத்தில் திக்குகிறது என்றால் ப்ராசஸரைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு கிராஃபை ரைட் கிளிக் செய்து 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என்று மாற்றுங்கள். மொத்தம் 40% என்றுதான் காட்டும், ஆனால் ஒரு கோர் மட்டும் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். நாலு கோர், நாலு திரெட் ப்ராசஸர்களில் எல்லாமே முட்டி நிற்கும். அப்போது ரெசல்யூஷனைக் குறைப்பது வீண், அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும். கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது, நிழல், ரே டிரேசிங் இவற்றைக் குறையுங்கள். முக்கியமாக, ரிவாட்யூனரில் எஃப்பிஎஸ்ஸுக்கு ஓர் உச்சவரம்பு கட்டுங்கள். 95-க்கும் 55-க்கும் தாவிக்கொண்டிருப்பதைவிட 60-ல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு ஆயிரம் மடங்கு சுகம். ஜிடிஏ 5 மாதிரி சில கேம்கள் 180 எஃப்பிஎஸ் தாண்டினாலே திக்கத் தொடங்கும். நல்ல ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் அங்கே வரம்புதான் மருந்து.

## ஆடத் தொடங்கும்போது நன்றாக இருக்கிறது, போகப்போக மோசமாகிறது

இரண்டு சந்தேகங்கள். ஒன்று கார்டின் மெமரி நிரம்புவது, இன்னொன்று சூடு.

மெமரியா என்று தெரிந்துகொள்ள டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்துவைத்து ஆடுங்கள். 'டெடிகேட்டட்' மெமரி விளிம்புவரை போய் நின்று, 'ஷேர்டு' மெமரி ஏறிக்கொண்டே போனால், கார்டில் இடம் தீர்ந்து சாதாரண ரேமிலிருந்து கடன் வாங்குகிறது. அது வெகு மெதுவான வழி. டெக்ஸ்சர் தரத்தை மட்டும் ஒரு படி குறைத்துவிட்டு, கேமை மூடித் திறங்கள். மூடாமல் மாற்றினால் சில கேம்களில் பழைய சுமை அப்படியே இருக்கும். வேறு எதையும் குறைக்க வேண்டியதில்லை. பின்னால் பிரவுசரில் இருபது டேப் திறந்திருந்தால் அதுவும் இதே மெமரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

4 ஜிபி கார்டுகளில் இது அதிகம். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு போர்டோடு பேச நான்கு லேன் (தகவல் பாதை)தான் உண்டு. மெமரி நிரம்பிக் கடன் வாங்கும்போது, பிசிஐஇ 3.0 (கார்டையும் போர்டையும் இணைக்கும் வழியின் பழைய தலைமுறை) உள்ள போர்டில் அந்தக் குறுகிய வாசல் வழியாகவே எல்லாம் போய்வர வேண்டும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதை யோசியுங்கள். பெரிய கார்டு வைத்திருப்பவர்கள் ஜிபியு-இஸட்டில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியைப் பாருங்கள். எக்ஸ்16 இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்4 என்று இருந்தால் கார்டு கீழ் ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கலாம்.

சூடா என்று தெரிய ஓர் எளிய சோதனை உண்டு. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேராக அதன்மேல் திருப்பிவைத்து அதே கேமை அரை மணி ஆடுங்கள். திக்கல் வரவில்லை என்றால் வழக்கு முடிந்தது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், சூடு உச்சத்தைத் தொட்ட நொடியில் மெகாஹெர்ட்ஸ் எண் சரிவது தெரியும். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த ரைசன்கள் பெரிய வேலையில் 95-ஐத் தொடுவது அவற்றின் வடிவமைப்பிலேயே உள்ளது, எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். வேகம் சரிகிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் அறையே 35, 36 டிகிரியில் இருக்கும். ஜனவரியில் சரியாக ஓடிய கணினி மே மாதம் திக்கினால் ஆச்சரியமில்லை. ப்ளோயர் வைத்துத் தூசியை ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலரின் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலே துடைத்தால் போகாது, ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். நாலைந்து வருஷம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள்.

## ஓரிரு நொடி எல்லாமே உறைகிறது, சத்தமும் இழுக்கிறது

இந்தச் சத்தம்தான் துப்பு. கார்டு திணறினால் படம் மட்டும் திக்கும், பாட்டு தொடர்ந்து ஓடும். சத்தமும் 'கர்ர்ர்' என்று இழுத்து, மவுஸும் நின்றுபோனால் முழு இயந்திரத்தையும் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது. கேம் இல்லாதபோதும், சும்மா பாட்டு கேட்கும்போதும் நாளுக்குச் சில முறை இப்படி வருகிறதா என்று கவனியுங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஃப்டிபிஎம். ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியைத் தனி சிப் இல்லாமல் ப்ராசஸரே செய்வது அது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் வேண்டும் என்று வந்ததும் பலர் பயாஸில் அதை ஆன் செய்தார்கள். அதன்பிறகு அங்கங்கே இயந்திரம் சில நொடி திக்கத் தொடங்கியது. போர்டில் இருக்கும் ஃப்ளாஷ் சிப்போடு எஃப்டிபிஎம் பேச எடுக்கும் நேரம்தான் காரணம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. திருத்தமான ஏஜிசா 1.2.0.7 (பயாஸுக்குள் போகும் ஏஎம்டியின் நிரல்) அடங்கிய பயாஸ்கள் அந்த ஆண்டு மே மாதம் முதல் வந்தன. அதற்குப் பிறகும் லினக்ஸில் இதே தொல்லை தலைகாட்ட, 2023-ல் ஏஎம்டி எஃப்டிபிஎம்மிலிருந்து ரேண்டம் எண் எடுப்பதையே லினக்ஸின் மையநிரலான கெர்னலில் நிறுத்தினார்கள். உங்கள் பயாஸ் 2022 மே மாதத்துக்கு முந்தையது என்றால் புதுப்பியுங்கள்.

பயாஸ் புதுப்பிப்பில் இரண்டு எச்சரிக்கை. பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால் முதலில் அதை 'சஸ்பெண்டு' செய்து, ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்டிபிஎம்மை ஆஃப் செய்தால் திக்கல் நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கீ கையில் இல்லாமல் ஆஃப் செய்தால் டிஸ்கையே திறக்க முடியாமல் போகும்.

கேபினெட்டுக்குள் இரண்டாவதாக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? விண்டோஸ் 20 நிமிடம் சும்மா இருக்கும் டிஸ்கைத் தூங்கவைக்கும். அப்புறம் கேமோ வேறெதுவோ அதைத் தொட்டால், தட்டு மறுபடி சுற்ற வேகம் எடுக்கும்வரை எல்லாம் காத்திருக்கும். காதைக் கொடுத்தால் உறைந்த அந்த நொடியில் உள்ளேயிருந்து 'உய்ங்' என்று எழும் சத்தம் கேட்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்பதை 0 ஆக்கினால் தீர்ந்தது. கூடவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்கின் நலத்தைப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் கேமை மறந்துவிட்டு முதலில் போட்டோக்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

இவை இல்லை என்றால் லேட்டன்சிமான் மென்பொருளை ஓடவிட்டு அரை மணி விடுங்கள். எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் நெட்வொர்க், சவுண்டு, அல்லது விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள். போர்டுகாரர்கள் தரும் அந்த வண்ணவிளக்கு மென்பொருள்களை ஒருமுறை எடுத்துவிட்டுப் பாருங்கள். இத்தனை நாள் கார்டு மேல் போட்ட பழி அதன் மேல் விழுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் பார்த்திருக்கிறேன்.

## கோடு நேராக இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் திக்குகிறது

மானிட்டர் பக்கம் வாருங்கள். முதலில் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். போர்டின் பின்பக்கத்தில் இருந்தால் கார்டுக்கு மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ஹெர்ட்ஸை (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே ஓடிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 50 எஃப்பிஎஸ் வந்தால் சில ஃப்ரேம் ஒரு தடவையும் சில ஃப்ரேம் இரண்டு தடவையும் தெரியும். அதுதான் அந்த இழுப்பு. 60 தாங்கவில்லையென்றால் 30-ல் கட்டுவது மேல். கேமின் வேகத்துக்குத் திரையை ஒத்துப்போகவைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இருந்தால் ஆன் செய்து, எஃப்பிஎஸ்ஸை ஹெர்ட்ஸைவிட மூன்று குறைவாகக் கட்டுங்கள், 144-க்கு 141. பல ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் 48-க்குக் கீழே போனால் இந்த வசதி கைகொடுக்காது. அதற்கு மேலேயே நிற்கும்படி செட்டிங்கை இறக்குங்கள்.

மவுஸை அசைத்தால் மட்டும் திக்குகிறது, விட்டுவிட்டால் இல்லை என்றால் மவுஸின் போலிங் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது) 8000 அல்லது 4000-லிருந்து 1000-க்கு இறக்குங்கள். பழைய கேம் என்றால் 500.

## பொதுவாக ஒன்றிரண்டு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை ஒரு தாளில் எழுதி, அதே இடத்தில், அதே தெருவில், ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. விண்டோஸின் கேம் பாரில் பின்னணி ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று பார்த்து ஆஃப் செய்யுங்கள். ஒரே கிளிக்கில் வேகம் கூட்டுவதாகச் சொல்லும் 'ஆப்டிமைசர்'களைத் தொடவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் ஏற்கெனவே கை வைத்திருந்தால் திரும்பப் பழையபடி வைத்துவிட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது கடைசி மருந்து.

அக்கா மகன் அன்று ராத்திரியே எக்ஸ்எம்பியை ஆன் செய்தான். ரம்பப்பல் பாதியாகக் குறைந்தது. அடுத்த வாரம் இரண்டாவது ஸ்டிக் வந்து 4-வது ஸ்லாட்டில் உட்கார்ந்ததும் கோட்டைப் படமெடுத்து அனுப்பினான். தெருவெல்லாம் நேர்க்கோடு, நடுவில் ஒரே ஒரு முள். "இது எங்கடா?" என்று கேட்டேன். "ஆத்துப்பாலம் ஏறுற இடம் மாமா. எத்தன தடவ போனாலும் அங்க மட்டும் வருது." அது கேமோடது, விட்டுவிடு என்றேன்.